நீள விசில்

வைத்திக்குப்பத்துத் தெய்வசிகாமணி கடலிலிருந்து இதுவரை எத்தனை பேரை இழுத்துப் போட்டிருக்கிறார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. எண்ணி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பிழைத்துப் போனவர்களுக்கும் அவர் பெயர் தெரியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் பஸ் ஏறி, சனிக்கிழமை முழுக்கக் குடித்து, ஞாயிற்றுக்கிழமை அலையோடு மல்லுக்கு நின்று, சிகாமணி கையால் கரைக்கு வந்து, கக்கி முடித்து, "தேங்க்ஸ்ணா" என்று சொல்லிவிட்டு ஊர் போய்ச் சேர்கிறவனுக்குப் பெயர் எதற்கு? குப்பத்தில் சிகாமணி என்றால் போதும். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

பீச் ரோட்டில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே புதிதாய் மணல் சேர்ந்திருக்கிறதே, அங்கேதான் அவருக்கு வேலை. ஆரஞ்சு பனியன், கழுத்தில் விசில், முதுகில் 'லைஃப்கார்டு' என்று இங்கிலீஷில் எழுத்து. அந்த எழுத்தை அவரால் படிக்க முடியாது. முதுகில் இருப்பதால் படிக்க வேண்டிய அவசியமும் வரவில்லை. எந்தத் துறை அவருக்கு வேலை கொடுத்தது என்று மட்டும் கேட்காதீர்கள். இருபத்திரண்டு வருடத்தில் மூன்று துறை மாறிவிட்டது. மூன்றுமே அவரை வவுச்சர் ஆளாகத்தான் வைத்திருந்தன. அதாவது இன்றைக்கு வந்தால் வேலை, நாளைக்கு வராதே என்றால் கேட்க நாதி கிடையாது.

அவர் நீந்துகிற விதத்தைச் சொல்ல வேண்டும், இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது. குப்பத்து ஆட்கள் எல்லோரையும் போல அவரும் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நீந்துவார். கழுத்துக்கு மேலே தண்ணீர் படாது. பார்ப்பதற்கு நாய் நீச்சல் மாதிரி இருக்கும், ஆனால் போய்ச் சேருகிற வேகம் பயமாக இருக்கும். ஏன் இப்படி என்று ஒருமுறை காலேஜ் பையன்கள் கேட்டபோது, "தண்ணிக்குள்ள மூஞ்சிய வெச்சிக்கினா எவன் முழுகறான்னு எப்படிப்பா தெரியும்?" என்றார். ஆளை நெருங்கியதும் முன்பக்கம் போக மாட்டார். முழுகுகிறவன் கட்டிப்பிடித்தான் என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சங்கு. பின்னால் போய் உச்சி முடியைக் கொத்தாகப் பிடிப்பார், மொட்டைத் தலையாக இருந்தால் சட்டைக் காலர். ஆணா பெண்ணா, பெரிய இடத்துப் பிள்ளையா என்றெல்லாம் அந்த நேரத்தில் அந்தக் கைக்குத் தெரியாது.

கரையில் கூட்டாளி ஆனந்தராஜ் நிற்பான். அவர்களுக்குள் விசிலில்தான் பேச்சு. இரண்டு குட்டை விசில் என்றால், ஆழத்துக்குப் போகிறார்கள், விரட்டு. ஒரு நீள விசில் என்றால் ஒருத்தன் முழுகிக்கொண்டிருக்கிறான். நீள விசில் கேட்டால் டீயைக் கீழே போட வேண்டும், பேச்சைப் பாதியில் விட வேண்டும், கடலைப் பார்த்து ஓட வேண்டும். ஒருமுறை மகள் நிச்சயதார்த்தத்தில், தெருவில் குல்ஃபி வண்டிக்காரன் நீளமாக ஊதினான் என்று பந்திப் பாயிலிருந்து பாதிச் சோற்றோடு எழுந்து நின்றவர் சிகாமணி. சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் போன கோடையில் ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது.

வழவழ காகிதத்தில், நாலு கலரில், உள்ளூர் மக்களுக்கான கோடைகாலச் சேவைகள் என்று தலைப்பு. வார்டு தோறும் நீர்மோர்ப் பந்தல். நடமாடும் மருத்துவ வண்டி. ஆதார் நகல் கொண்டுவருகிற குழந்தைகளுக்கு அரசு நீச்சல் குளத்தில் இலவசப் பயிற்சி. மே கடைசியில் கடற்கரையில் மூன்று நாள் கோடை விழா. கடைசி வரியில், 'சான்றிதழ் பெற்ற உயிர்காப்பாளர்கள் உங்கள் பாதுகாப்பில்'. யார் எழுதினார்களோ, எழுதினவர்கள் கடலைப் பார்த்து எழுதவில்லை. வரிக்கு அழகாக இருக்கட்டும் என்று 'சான்றிதழ் பெற்ற' என்று போட்டுவிட்டார்கள். இருபதாயிரம் பிரதி அச்சாகி, உழவர்கரை வரைக்கும் விநியோகம் ஆன பிறகுதான் யாரோ ஒரு பெரிய அதிகாரி கேட்டாராம், சான்றிதழ் எங்கே என்று. சான்றிதழ் ஒருத்தரிடமும் இல்லை. நோட்டீஸைத் திருத்துவதைவிட மனுஷனைத் திருத்துவது சுலபம் என்று முடிவானது.

துறையில் விஜயராகவன் என்று ஒரு கண்காணிப்பாளர். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் இல்லாதவர். இந்த ஊரில் பாதிக் காரியத்தைக் கெடுப்பது இப்படிப்பட்ட நல்ல மனிதர்கள்தான். ஐந்து வவுச்சர் ஆட்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஒண்ணுமில்ல சிகாமணி, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. லாஸ்பேட்ட பக்கம் குளத்துல நூறு மீட்டர் நீந்திக் காட்டணும். பாஸானா சர்டிஃபிகேட். சர்டிஃபிகேட் இருந்தா உங்கள நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்."

"பாஸாவலன்னா சார்?"

"நீங்களா? கடல்லயே கிடக்கறவரு. அட போங்க."

ஆனால் விதி ஒன்று இருந்தது. தலை தண்ணீருக்குள் இருக்க வேண்டும், பக்கவாட்டில் திரும்பித்தான் மூச்சு வாங்க வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சிகாமணிக்கு ஐம்பத்தோரு வயது. இரண்டு வாரம் வீட்டுப் பின்பக்கம் தண்ணீர் டிரம்முக்குள் முகத்தை விட்டுத் திருப்பித் திருப்பிப் பழகினார். மீன் விற்றுவிட்டு வந்த தனம் கூடையை இறக்காமலேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாய்யா, டிரம்முல எவனாச்சும் முழுகிட்டானா?"

"சிரிக்காதம்மே. இது வந்தா நிரந்தரம்."

நிரந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் சிரிப்பை நிறுத்தினாள். அன்று முதல் டிரம்மில் நல்ல தண்ணீர் பிடித்து வைப்பது அவள் வேலையானது.

தேர்வு ஒரு புதன்கிழமை காலை. குளத்தில் அந்த நேரத்துக்குத்தான் குழந்தைகளுக்குக் கோடைப் பயிற்சி. தனியாக நேரம் ஒதுக்க முடியாது என்பதால் குளத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, இந்தப் பக்கம் இருபது குழந்தைகள், அந்தப் பக்கம் தேர்வு. இரண்டுக்கும் பயிற்சியாளர் ஒருத்திதான், நிர்மலா. கறாரான பெண். படிக்கட்டு இருக்கைகளில் தாய்மார்கள் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்து பிள்ளைகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனந்தராஜ் முதலில் இறங்கினான், பாஸ். மற்ற மூன்று பேரும் எப்படியோ தேறினார்கள். கடைசியாகச் சிகாமணி. நாலு முறை குறுக்கே போக வேண்டும். முதல் முறை தலையை உள்ளே வைத்தே போனார். நீலத் தரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, குருடனாய் நீந்துவது போல இருந்தது. இரண்டாவதும் போனார். மூன்றாவதும் முடிந்தது. நேரமும் மிச்சம் இருந்தது. மேலே நின்ற ஆனந்தராஜ், "அவ்ளோதாண்ணே, இன்னும் ஒரே ஒரு தடவ," என்றது காதில் விழுந்தது. சுவரை உதைத்துத் திரும்பினார்.

பாதி தூரத்தில் நீள விசில் கேட்டது.

கேட்டவுடன் தலை மேலே வந்துவிட்டது. வந்ததா, அவர் தூக்கினாரா என்று கேட்டால் பதில் கிடையாது. விசில் வந்த பக்கம் பார்த்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருபது குழந்தைகள், இருபதும் குப்புற, முகம் தண்ணீருக்குள், கை கால் விரித்து, அசைவில்லாமல் மிதந்தன.

நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு இது தெரியும். முதல் வாரத்துப் பாடமே அதுதான். மூச்சை அடக்கிக் குப்புற மிதக்கப் பழக்குவார்கள். நிர்மலாவின் வகுப்பில் ஒரு நீள விசில் என்றால் 'மிதங்கள்' என்று பொருள். அன்று காலை அதுவரை அவள் அதை ஊதியிருக்கவில்லை. கடலில் குப்புற மிதக்கிறவனுக்கு ஒரே பொருள்தான் உண்டு. சிகாமணிக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

கயிற்றுக்கு அடியில் புகுந்தார். மிகவும் பக்கத்தில் கிடந்தது ஒரு எட்டு வயதுப் பெண் குழந்தை, அபி என்று பெயர். பின்னால் போய் உச்சி முடியைக் கொத்தாகப் பிடித்து, மறு கையை அக்குளில் கொடுத்து, இரண்டே இழுப்பில் குளத்தின் விளிம்பில் தூக்கிப் போட்டார். அடுத்த குழந்தையைப் பிடிக்கத் திரும்பினபோதுதான் எல்லாக் குழந்தைகளும் எழுந்து நின்று அவரை வெறித்துப் பார்ப்பது தெரிந்தது. தண்ணீர் அவர்கள் மார்பளவுதான் இருந்தது.

அபி வீறிட்டு அழுதாள். அவள் அம்மா ஜெயசித்ரா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அரசாங்கக் குடியிருப்பில் இருக்கிறவள், ஆபீசில் வேலை. அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஜட்டியோடு ஒரு முரட்டு ஆள் கயிற்றைத் தாண்டி வந்து பெண் குழந்தையின் முடியைப் பிடித்து இழுத்தால் எந்தத் தாய் உட்கார்ந்து காரணம் கேட்பாள்?

"யாருய்யா நீ? எம்பொண்ணு மேல எதுக்குக் கை வெக்கற?"

"பாப்பா முழுகுதுன்னு..."

"முழுகுதா? மேடம் முன்னாடியே முழுகுதா? குடிச்சிட்டு வந்திருக்கியா?"

அவர் விசிலைக் காட்டினார். நிர்மலாவின் கழுத்தில் தொங்கிய விசிலை. ஆனந்தராஜைத் தவிர யாருக்கும் அது புரியவில்லை, அவன் சொன்னது அந்தக் கூச்சலில் எடுபடவில்லை. நிர்மலாவுக்குப் பாதி புரிந்திருக்கும், ஆனால் இருபது தாய்மார்கள் முன்னால் அவள் வாயைத் திறக்கவில்லை. அட்டையில் இருந்த தாளில், 'தேர்வை முடிக்கவில்லை' என்று எழுதினாள். எழுதினது பொய்யும் இல்லை.

போனில் ஏறிய படம் பதினாலு நொடி. விசில் சத்தம் அதில் இல்லை, அதற்கு அடுத்த நொடியிலிருந்துதான் தொடங்குகிறது. நீச்சல் முகாமில் சிறுமியின் முடியைப் பிடித்து இழுத்த ஆசாமி என்று மேலே எழுதி யாரோ அனுப்பிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அது முத்தியால்பேட்டை வரைக்கும் வந்து, தெருவில் மீன் விற்றுக்கொண்டிருந்த தனத்தின் முன்னால் ஒரு வாடிக்கைக்காரியின் கையில் நின்றது.

"இது உங்க வீட்டுக்காரர் மாதிரி இல்ல?"

தனம் பார்த்தாள். "இல்ல," என்றாள். முப்பது வருடம் குடும்பம் நடத்தின புருஷனை இல்லை என்று சொல்லிவிட்டு, மீதி மீனை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவரைப் பார்த்ததும் அழுதாள். படத்தைப் பார்த்து அழுகிறாள் என்று அவர் நினைத்தார். இல்லை என்று சொன்னதற்காக அழுதது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜெயசித்ரா எழுதிக் கொடுத்த புகார் துறைக்கு வந்தது. விஜயராகவன் இந்த முறை டீ வாங்கித் தரவில்லை. "கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருங்க சிகாமணி. விழா முடியட்டும், சூடு ஆறட்டும்," என்றார். பனியனையும் விசிலையும் மேசை மேல் வைக்கச் சொன்னார். இரண்டுக்கும் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் வேலை என்று எழுதி அவர் கையில் ஒரு தாளும் கொடுக்காதவர்கள், விசிலைத் திருப்பி வாங்கியதற்கு மட்டும் நகல் கொடுத்தார்கள். அவர் இடத்துக்குத் தவளக்குப்பத்திலிருந்து கலைச்செல்வன் என்று ஒருவன் வந்தான். இருபத்து நாலு வயது, மாநிலப் போட்டியில் நீந்தினவன், சான்றிதழ் நாலைந்து வைத்திருந்தான்.

சிகாமணி வீட்டில் கிடந்தார். கடல் வீட்டிலிருந்து நூறு தப்படி, அதன் சத்தம் கேட்காமல் அந்தக் குப்பத்தில் மூச்சு விட முடியாது. ஆனால் வெளியே வரவில்லை. தெருவில் யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தால் ஒதுங்கி நின்றார். பேரப்பிள்ளை தலை சீவச் சொல்லிச் சீப்பை நீட்டினபோது, "ஆயாகிட்ட போ," என்று அனுப்பிவிட்டார். விழா வந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனம்தான் பிடிவாதம் பிடித்தாள்.

"ஊரே போவுது. நீ இன்னா கொலையா பண்ண? எழுந்திரு. நம்ம ஊரு பீச்சுல நாம நடக்கறதுக்கு எவன்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கணும்?"

போனார்கள். பீச் ரோடு முழுக்கத் தலை. மேடையில் யாரோ பாடினார்கள், பந்தலில் நீர்மோருக்கு வரிசை நின்றது. தனம் வரிசையில் போய் நின்றுகொண்டாள். சிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கி, தண்ணீர் ஓரமாக, கூட்டம் கொஞ்சம் குறைந்த வடக்குப் பக்கம் போய் நின்றார். வெயில் இறங்கவில்லை. பழக்கத்தில் கண் அலைக்கும் கூட்டத்துக்கும் மாறி மாறிப் போனது.

அவருக்குப் பன்னிரண்டு தப்படியில் ஒரு சிறுமி குப்புறக் கிடந்தாள். மஞ்சள் கவுன், பத்து வயது இருக்கும். வடிகிற அலையில் அவள் உள்ளே போய்க்கொண்டிருந்தாள், முடி தண்ணீர் மேல் பரந்து கிடந்தது.

அவர் ஓடினார். அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முழங்கால் ஆழத்தில், கையை நீட்டினால் முடி கையில் கிடைக்கிற தூரத்தில், நின்றுவிட்டார். விளையாடுகிறதா? மூச்சடக்கிப் பழகுகிறதா? அம்மாக்காரி எங்கே? சுற்றிலும் பார்த்தார். எல்லார் கையிலும் போன் இருந்தது. நீட்டின கை பாதியில் நின்றது. நாலு மூச்சு நேரம் இருக்கும். கடலில் நாலு மூச்சு என்பது எவ்வளவு நேரம் என்று அந்தக் கரையில் அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது.

பக்கத்தில் தண்ணீர் சிதறியது. கலைச்செல்வன் அவரைத் தாண்டிப் பாய்ந்து, சிறுமியைத் தோளோடு சேர்த்துத் தூக்கி, தலையைத் தாங்கிப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தான். சுத்தமான வேலை, ஒரு குறை சொல்ல முடியாது. குழந்தை தண்ணீரைக் கக்கி, இருமி, அழ ஆரம்பித்தாள். எங்கிருந்தோ தாயும் தகப்பனும் ஓடி வந்தார்கள். கூட்டம் கை தட்டியது. மேடையிலிருந்தவன் பாட்டை நிறுத்திவிட்டு, நமது சான்றிதழ் பெற்ற உயிர்காப்பாளருக்கு ஒரு கைத்தட்டல் என்று மைக்கில் சொன்னான். இன்னொரு தடவை தட்டினார்கள்.

சிகாமணியை யாரும் பார்க்கவில்லை. முழங்கால் தண்ணீரில் ஒரு வயதான ஆள் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். தனம் இரண்டு டம்ளர் மோரோடு வந்து, "இன்னா இங்க கூட்டம்?" என்று கேட்டாள்.

"ஒரு பாப்பா முழுகிடுச்சாம். தூக்கிட்டாங்க."

"நீ பாத்தியா?"

"இல்ல," என்றார். மோரை வாங்கிக் குடித்தார்.

பத்து நாள் கழித்து விஜயராகவன் போன் செய்தார். குரலில் அத்தனை சந்தோஷம். நிர்மலா நடந்ததை விவரமாக எழுதிக் கொடுத்துவிட்டாளாம், விசில் விஷயம் உட்பட. அதைப் படித்த ஜெயசித்ரா கண் கலங்கிப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். பாவம், காப்பாத்தத்தானே வந்திருக்காரு, நான் தெரியாம பேசிட்டேன்னு சொல்லுங்க என்றாளாம்.

"மேல பேசிட்டேன் சிகாமணி. அனுபவத்த கணக்குல எடுத்து உங்களுக்கு மட்டும் சர்டிஃபிகேட் தேவையில்லன்னு ஆர்டர் போட ஒத்துக்கிட்டாங்க. நிரந்தரத்துக்கும் ஃபைல் போவுது. திங்கக்கெழம வந்து பனியன வாங்கிக்குங்க."

இருபத்திரண்டு வருடம் காத்திருந்த வார்த்தை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் தனமும் கேட்டாள். அவள் முகம் மலர்ந்து, கை தானாகக் கும்பிட்டது.

"வேணாம் சார்," என்றார் சிகாமணி.

"என்னது?"

"வேணாம் சார். வேற ஆள வெச்சிக்குங்க."

"கோவமா?" என்று விஜயராகவன் மெல்லக் கேட்டார். "கோவம் இருக்கத்தான் செய்யும். நாங்க நடத்துன விதம் அப்படி."

சிகாமணி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்," என்றார். "கோவந்தான்."

போனை வைத்ததும் தனம் ஒரு வார்த்தை திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ சொன்னதுதான்யா சரி. அவமானப்படுத்துனவங்க கூப்டா ஓடறதுக்கு நாம இன்னா நாயா?" என்றாள். ஆனந்தராஜ் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் மாதிரி ஆள் இந்தக் குப்பத்தில் இல்லை என்றான். சர்க்கார் வேலை தேடி வந்தும் தூக்கி எறிந்தவர் என்று டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. எதிரே வந்த பையன்கள் வழி விட்டு நின்றார்கள். சிகாமணி எதையும் மறுக்கவில்லை. இழுக்க வேண்டிய நேரத்தில் யோசித்துக்கொண்டு நின்றவன் என்று ஊர் தெரிந்துகொள்வதைவிட, ரோஷக்காரன் என்ற பெயர் சுமக்க லேசாக இருந்தது.